நேராக அந்த அலமாரிக்கே போனார்கள்: ஒரு வீட்டில் நடந்த இரண்டு திருட்டுகளின் நிகழ்வு ஆய்வு

வீடுகளைப் பார்வையிட்டு, பூட்டு, கதவு, பொருள் வைக்கும் இடம் பற்றி ஆலோசனை சொல்வது என் வேலை. இங்கே எழுதியிருப்பது அப்படி நான் பார்த்த ஒரு வீட்டின் கதை. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களையும் இடத்தையும் விட்டுவிட்டேன். பொருட்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்பதையும் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

பின்னணி

மாடியுடன் கூடிய தனி வீடு. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு மகள். கணவரின் தாயாரும் கூடவே இருக்கிறார். வாரத்தில் சில நாட்கள் வீட்டைச் சுத்தம் செய்ய ஒரு பெண் வருவார். பல வருடப் பழக்கம்.

முன்கதவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கனமான மரம், நல்ல பூட்டு, கீழ்த்தள ஜன்னல்களுக்குக் கம்பி. பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்குப் போகும் கதவு மட்டும் வேறு கதை. அதன் நிலைச்சட்டம் ஈரத்தில் ஊறிப்போயிருந்தது, உள்ளே ஒரே ஒரு தாழ்ப்பாள்.

வீட்டில் விலை பெறும் பொருள் எல்லாமே ஒரே இடத்தில்தான் இருந்தது: தம்பதியின் படுக்கையறையில் இருந்த அலமாரி. மனைவியின் நகைகள், மாமியாரின் பழைய நகைகள், அவசரத்துக்கு என்று வைத்த ரொக்கம், பாஸ்போர்ட்டுகள், சொத்துப் பத்திரங்கள் என எல்லாம் அதற்குள். அலமாரிச் சாவி, எதிர்ச்சுவரில் தொங்கிய நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கொக்கியில் மாட்டப்பட்டிருந்தது. “அங்கே இருக்கும்னு யாருக்குத் தோணும்?” என்று கணவர் பிறகு என்னிடம் கேட்டார். அந்த ஏற்பாட்டை அவர்கள் பல வருடங்களாகப் பாதுகாப்பானது என்றே நம்பியிருந்தார்கள்.

முதல் திருட்டு: வீட்டில் பார்த்தவை

உறவினர் திருமணத்துக்காகக் குடும்பமே இரண்டு இரவுகள் வெளியூர் போயிருந்தது. திரும்பி வந்தபோது பின்கதவின் தாழ்ப்பாள் சட்டத்தோடு பெயர்ந்து கிடந்தது.

காவல் துறையினர் தடயங்கள் எடுத்து முடித்த பிறகுதான் நான் உள்ளே போனேன். ஹாலில் டிவி அப்படியே இருந்தது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப், அதன் மேல் மகளின் டேப்லெட். மாமியாரின் அறையில் ஒரு துணிகூடக் கலையவில்லை. மாடி ஏறிய அடையாளமே இல்லை.

படுக்கையறையில் நிலைக்கண்ணாடி கொக்கியிலிருந்து இறக்கப்பட்டு, உடையாமல், கட்டில் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அலமாரிக் கதவில் ஒரு கீறல் இல்லை. சாவி பூட்டிலேயே தொங்கியது. உள்ளே இருந்த சின்ன லாக்கரை மட்டும் நெம்பியிருந்தார்கள். நகைப்பெட்டிகள் காலியாகத் தரையில் குவிந்திருந்தன. பாஸ்போர்ட்டுகளும் பத்திரங்களும் விசிறி எறியப்பட்டிருந்தன, எதையும் எடுக்கவில்லை.

டிவியையும் லேப்டாப்பையும் விட்டுவிட்டு நகையையும் பணத்தையும் மட்டும் எடுத்ததில் வியப்பில்லை. திருடர்கள் எந்தப் பொருளை விரும்புகிறார்கள் என்பதைக் குற்றவியல் ஆய்வாளர் ரொனால்டு கிளார்க் 1999இல் ஆறு குணங்களாக வகுத்தார்: மறைக்க எளிது, தூக்கிப்போக எளிது, கைக்கு எட்டும், மதிப்புள்ளது, வைத்திருக்க ஆசை தருவது, விற்றுத் தள்ள எளிது. நகை இந்த ஆறிலும் தேறும். டிவி தூக்குவதிலேயே தோற்றுவிடும்.

அவர்கள் படுக்கையறைக்கு நேராகப் போனதையும் உள்தகவலுக்கான சான்றாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரிச்சர்ட் ரைட், ஸ்காட் டெக்கர் என்ற இரு ஆய்வாளர்கள், அப்போது திருடிக்கொண்டே இருந்த 105 பேரிடம் பேசி 1994இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். வீட்டுக்குள் புகுந்ததும் முதலில் தேடுவது வீட்டுக்காரர்களின் படுக்கையறையைத்தான் என்பது அதில் தெளிவாக வந்தது. நகை, பணம், துப்பாக்கி எல்லாம் அங்கேதான் இருக்கும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் படுக்கையறை அலமாரி என்பது எந்தத் திருடனுக்கும் முதல் ஊகம்.

ஆனால் கண்ணாடி? அதே அறையில் சட்டமிட்ட படங்கள் நான்கு தொங்கின. ஒன்றும் அசையவில்லை. தலையணை, மெத்தை, மேசை இழுப்பறை எதுவும் கலையவில்லை. தேடிக் கண்டுபிடித்தவன் விட்டுப்போகும் அறை அப்படி இருக்காது. அந்தக் கண்ணாடியின் பின்னால் சாவி இருப்பது வந்தவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. என் ஆய்வு முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே போனது.

முதலில் வந்த பெயர்

சாவி இருக்கும் இடம் தெரிந்தவர் என்றதும் வீட்டில் எல்லோர் வாயிலும் வந்த பெயர், சுத்தம் செய்ய வரும் பெண்ணுடையது. “அவளைத் தவிர வெளியாள் யாருக்கும் தெரியாது சார்” என்றார் கணவர். காவல் துறையினரிடமும் அப்படியே சொல்லியிருந்தார். அந்தப் பெண்ணை விசாரித்து அனுப்பினார்கள். அவர் அழுதுகொண்டே போனதாகவும், அதன் பிறகு வேலைக்கு வரவில்லை என்றும் மனைவி சொன்னார்.

இப்படி நடப்பது எனக்குப் புதிதல்ல. வீட்டில் இருக்கிறவர்களிலேயே பதில் பேச முடியாத நிலையில் இருப்பவர் மேல்தான் முதல் சந்தேகம் விழும். அதனால் ஒரு தாளை எடுத்து வைத்து, அந்த அறைக்குள் கடந்த இரண்டு வருடங்களில் வந்து போன எல்லோரையும் எழுதச் சொன்னேன், குற்றவாளிப் பட்டியலாக அல்ல. கீல் மாற்ற வந்த தச்சர். வண்ணம் பூச வந்தவர்கள். அவர்கள் கண்ணாடியைக் கழற்றாமல் சுவருக்கு வண்ணம் பூசியிருக்கவே முடியாது. மகளின் தோழிகள் சிலர் இரவு தங்கியிருக்கிறார்கள். விசேஷ நாட்களில் அந்த அறையில்தான் உறவுக்காரப் பெண்கள் உடை மாற்றுவார்கள். தாள் நிறைந்தது. “வெளியாள் யாருக்கும் தெரியாது” என்ற பேச்சு அதோடு நின்றது.

தகவல் வெளியே போன வழிகள்

அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு வழியை மகள்தான் கண்டுபிடித்தாள். அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு நாள் ஆனது.

முந்தைய ஒரு விசேஷத்துக்குத் தயாராகும்போது பாட்டியோடு சேர்ந்து அவள் ஒரு வீடியோ எடுத்திருந்தாள். பாட்டிக்குத் தலை வாரிவிடுவது, பாட்டி கேலி செய்வது என்று அழகான வீடியோ அது. பலர் பகிர்ந்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய கணக்கு. நான் அதைப் போட்டுப் பார்த்தேன். முன்னால் இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னால், ஓரத்தில், அம்மா வருகிறார். கேமரா ஓடுவது அவருக்குத் தெரியாது. கண்ணாடியின் கீழ் விளிம்பைச் சுவரிலிருந்து லேசாகத் தூக்கி, பின்னால் கையை விட்டு, சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, உள் லாக்கரிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறார். சில விநாடிகள்தான். ஆனால் எது எங்கே, எப்படித் திறப்பது என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது.

இதற்கும் மேல், திருமணத்துக்குக் கிளம்பிய அன்று வழியிலேயே எல்லோரும் சேர்ந்து எடுத்த படம், “இரண்டு நாள் ஜாலி” என்ற வரியோடு வெளியாகியிருந்தது. வீட்டில் ஆள் இல்லை என்பதை நாமே ஊருக்கு அறிவிக்கிறோம் என்று காட்டுவதற்காக 2010இலேயே ‘பிளீஸ் ராப் மீ’ (தயவுசெய்து என் வீட்டில் திருடுங்கள்) என்று ஓர் இணையதளம் வந்தது. மக்கள் தாங்களே பொதுவில் போட்ட இருப்பிடப் பதிவுகளைத் திரட்டிக் காட்டியது, அவ்வளவுதான். அது வந்து இத்தனை வருடங்கள் ஆகியும் பழக்கம் மாறவில்லை.

அந்த வீடியோதான் காரணம் என்று குடும்பம் உடனே முடிவு கட்டியது. நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதில் வீட்டு முகவரி இல்லை. எங்கோ இருக்கும் ஒருவன் அதைப் பார்த்து இந்த வீட்டைத் தேடி வந்திருப்பான் என்பது நடக்கக்கூடியதுதான், ஆனால் அரிது. வீட்டை ஏற்கெனவே அறிந்த ஒருவரின் கண்ணில் அது பட்டு, அவர் வேறொருவரிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கலாம் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இதையும் நிரூபிக்க முடியாது.

மற்ற கசிவுகளையும் பார்த்தோம். இரவில் திரை போடாமல் விளக்கு எரிந்தால், பக்கத்துக் காலி மனையிலிருந்து அந்த அலமாரி முழுதாகத் தெரிகிறது. நானே நின்று பார்த்தேன். புதிதாக வாங்கிய கேமராவின் அட்டைப்பெட்டி, படம் வெளியே தெரிய, குப்பைத் தொட்டி ஓரத்தில் ஒரு வாரம் கிடந்திருக்கிறது. பாட்டி காலை நடையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பயணத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். என்ன நகை போட்டுக்கொள்ளப் போகிறார் என்பதையும் சேர்த்து. கணவர் பழைய கைக்கடிகாரம் ஒன்றை விற்க, படத்தை மின்னஞ்சலில் பலருக்கு அனுப்பியிருந்தார். கைப்பேசியில் இருப்பிடம் இயக்கத்தில் இருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அந்தப் படக்கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடும். பெரிய சமூக வலைத்தளங்கள் பெரும்பாலும் அதை நீக்கிவிட்டுத்தான் படத்தைக் காட்டுகின்றன; மூலக்கோப்பை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினால் நீங்காது. கணவர் அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்தோம். வீடு இருக்கும் புள்ளி துல்லியமாக இருந்தது.

எடுத்த முடிவுகள்

பின்கதவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: புதுச் சட்டம், இரண்டு தாழ், உள்ளே குறுக்குப்பட்டை. அதை அந்த வாரமே செய்யச் சொன்னேன். ஒருமுறை திருடு போன வீட்டுக்கு மறுமுறை வரும் வாய்ப்பு அதிகம்; அதுவும் முதல் சில வாரங்களில். இங்கிலாந்தின் ராச்டேலில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980களின் பிற்பகுதியில் இதை வைத்தே ஒரு திட்டம் நடத்தினார்கள். எல்லா வீட்டுக்கும் எல்லாம் செய்யாமல், திருடு போன வீட்டுக்கு உடனே போய்ப் பாதுகாப்பு செய்தார்கள். மூன்று ஆண்டுகளில் அந்தப் பகுதியின் வீட்டுத் திருட்டு ஏறக்குறைய 75 விழுக்காடு குறைந்தது. அங்கே அவர்கள் செய்த இன்னொரு வேலை எனக்கு இன்னும் முக்கியம். காசு போட்டால் ஓடும் எரிவாயு, மின் மீட்டர்கள் அந்த வீடுகள் பலவற்றில் இருந்தன. அங்கே எந்தப் பெட்டியில் பணம் இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். அந்த மீட்டர்களை எடுத்தார்கள். எங்கே பணம் என்ற தகவலுக்கு அதன் பிறகு பயனில்லாமல் போனது.

இந்த வீட்டிலும் அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது. வெளியே போன தகவலைத் திரும்பப் பிடிக்க முடியாது. அதைப் பழைய தகவலாக்கலாம்.

எப்போதாவது அணியும், மிஞ்சிய நகைகளை வங்கிப் பெட்டகத்துக்கு மாற்றச் சொன்னேன். வங்கியில் வைத்தால் முழுப் பொறுப்பும் வங்கியுடையது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அந்தப் பொறுப்புக்கு வரம்பு உண்டு. அதனால் காப்பீட்டில் நகைகளைத் தனித்தனியாகக் குறிப்பிடச் செய்தோம். பொதுவான வீட்டுக் காப்பீட்டில் நகைக்கு ஓர் உச்சவரம்பு இருப்பது வழக்கம்.

கணவர் அதற்குள் ஒரு பெட்டகம் வாங்கி வைத்திருந்தார். பார்த்தேன். அது தீயைத் தாங்கும் பெட்டி. காகிதம் கருகாமல் காக்கும், கடப்பாரையைத் தாங்காது. தூக்கிப் பார்த்தேன், ஒரு ஆளால் தூக்க முடிந்தது. திருட்டைத் தாங்கும் பெட்டகங்களுக்கான ஐரோப்பியத் தரநிலை, 1000 கிலோவுக்குக் குறைந்த பெட்டகம் எதுவானாலும் தரையோடோ சுவரோடோ பிணைக்க வசதி இருக்க வேண்டும் என்கிறது. வீடுகளில் வைப்பவை பல அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தீப்பெட்டகத்தைப் பத்திரங்களுக்கு ஒதுக்கிவிட்டு, வேறொன்றைச் சோதித்து வாங்கி, கான்கிரீட் தரையில் போல்ட் வைத்துப் பிணைத்தோம், படுக்கையறையில் அல்ல. தொழிற்சாலையில் வைத்த எண்ணை முதல் நாளே மாற்றினோம். யாருடைய பிறந்த நாளையும் போடவில்லை. அட்டைப்பெட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, உட்பக்கம் வெளியே தெரியும்படி கட்டித்தான் குப்பையில் போட்டார்கள். பெட்டகத்தைப் பொருத்திய ஆளுக்கு இடம் தெரியும்தானே என்று மாமியார் கேட்டார். சரியான கேள்வி. தெரியும்தான், ஆனால் போல்டும் எஃகும் இருக்கும்போது இடம் தெரிந்தால் மட்டும் போதாது.

பழைய அலமாரியில் கொஞ்சம் கவரிங் நகையும் சிறிது பணமும் விட்டுவைக்கலாம் என்பது மனைவியின் யோசனை. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கொக்கியைப் பிடுங்கிவிட்டு, கண்ணாடியை மட்டும் பழையபடி மாட்டினார்கள்.

கடினமாக இருந்தது மகளோடு நடந்த பேச்சு. “அப்போ இனிமே நாங்க எதுவுமே போடக் கூடாதா சார்?” என்றாள். கோபத்தை விடக் குற்றவுணர்ச்சி அதில் அதிகம் தெரிந்தது.

“தாராளமா போடும்மா. ஊருக்குப் போனதை வந்த பிறகு போடு. வீட்டுக்குள்ள எடுக்கறதை, போடறதுக்கு முன்னாடி சத்தத்தை நிறுத்திட்டு, பின்னாடி என்ன தெரியுதுன்னு மட்டும் ஒரு தடவை பாரு.”

அந்த யோசனையை அவள் ஏற்றுக்கொண்டாள். சத்தம் இருக்கும்போது கண் பேசுகிறவர் முகத்தை விட்டு நகராது. நிறுத்திப் பார்த்தால் பின்புலம் தானாகத் தெரியும். கணக்கையும் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றினாள், பழைய வீடியோவையும் நீக்கினாள்.

அப்புறம் நடந்தவை

ஏறக்குறைய இரண்டு மாதங்கள் கழித்து, பகலில், எல்லோரும் வெளியே போயிருந்த நேரத்தில் மறுபடியும் புகுந்தார்கள். பின்கதவை நெம்பிய தடயம் இருந்தது, திறக்க முடியவில்லை. மாடிக் குளியலறை ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி உள்ளே இறங்கியிருக்கிறார்கள். அந்த ஜன்னலுக்குக் கம்பி போடுவதைச் செலவைப் பார்த்து அடுத்த மாதம் என்று குடும்பம் தள்ளிப்போட்டிருந்தது.

நிலைக்கண்ணாடி மறுபடியும் கட்டிலில் கவிழ்ந்து கிடந்தது.

சாவி இல்லாததால் இந்த முறை அலமாரியை உடைத்திருக்கிறார்கள். கவரிங் நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அதோடு போகவில்லை. மெத்தையைக் கிழித்து, சமையலறை டப்பாக்களைக் கொட்டி, பாட்டியின் அறையையும் புரட்டியிருந்தார்கள். மனைவியின் யோசனை அவர்களைத் திருப்திப்படுத்தவில்லை, ஆனால் என் அவநம்பிக்கைக்கும் அது முழு ஆதாரமில்லை. பெட்டகம் இருந்த பக்கம் அவர்கள் வரவே இல்லை. டப்பாக்கள் விழுந்த சத்தம் கேட்டு அடுத்த வீட்டுப் பெரியவர் கணவருக்குப் போன் செய்தார், வாசலில் நின்று குரலும் கொடுத்தார். வந்த வழியே ஓடிவிட்டார்கள். எடுத்துப்போனதன் மதிப்பை விட உடைத்ததன் செலவு அதிகம்.

கண்ணாடி மறுபடி இறக்கப்பட்டதில் இன்னொரு செய்தி இருந்தது. சுத்தம் செய்யும் பெண் அதற்குச் சில வாரங்கள் முன்பே மனைவி நேரில் போய் அழைத்ததால் வேலைக்குத் திரும்பியிருந்தார். அந்தக் கண்ணாடியைத் துடைப்பவரே அவர்தான். கொக்கி பிடுங்கப்பட்டது அவருக்குத் தெரியும். அவர் வழியாகத் தகவல் போயிருந்தால் யாரும் கண்ணாடியைத் தொட்டிருக்க வேண்டியதே இல்லை. வந்தவர்கள் கையில் இருந்தது பழைய தகவல். இதை நான் கணவரிடம் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அன்று மாலையே அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டதாக மனைவி பிறகு சொன்னார்.

முதல் திருட்டுக்கான காப்பீட்டுத் தொகை முழுதாக வரவில்லை. மாமியாரின் பழைய நகைகளுக்கு ரசீது இல்லை, எடைக்குறிப்பு இல்லை. சிலவற்றை மட்டும் குடும்ப விசேஷப் படங்களில் அவர் அணிந்திருப்பதைக் காட்டி ஏற்கச் செய்தார்கள். நகையை ஊர் பார்க்கும்படி படம் போடாதே என்று சொன்ன நானே, ஒவ்வொரு நகையையும் நெருக்கத்தில் படம் எடுத்து வை என்றும் சொல்ல வேண்டியிருந்தது. யார் பார்க்கும் படம் என்பதுதான் கேள்வி. அந்தப் படங்களும் ரசீதுகளும் இப்போது வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கின்றன.

மாற்ற வேண்டியவை

மறைத்து வைப்பதில் அளவு தெரிய வேண்டும். இரண்டாவது திருட்டால் பயந்துபோன மாமியார், தன் ஒரு சங்கிலியை யாரிடமும் சொல்லாமல் எங்கேயோ வைத்துவிட்டு, இடத்தை மறந்துவிட்டார். வீடே மறுபடி சந்தேகப்படத் தொடங்கியது. தானமாகக் கொடுக்கக் கட்டி வைத்த பழைய கம்பளித் துணி மூட்டையில், ஒரு காலுறைக்குள் அது கிடைத்தது. மூட்டை மறுநாள் போக வேண்டியது. ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் திருட்டுக்குச் சமமான ஆபத்து. இப்போது எது எங்கே என்பது கணவனுக்கும் மனைவிக்கும் தெரியும். முத்திரையிட்ட உறை ஒன்று நம்பிக்கையான உறவினரிடம் இருக்கிறது.

பாட்டிக்குப் பயணத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று தடை போட்டது பலிக்கவில்லை. “யாருகிட்டயும் பேசாம நான் என்னத்துக்கு நடக்கப் போறேன்?” என்று கேட்டுவிட்டார். அவர் சொல்வது நியாயம்தான். நகைப் பேச்சை மட்டும் விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டார். யாருக்கும் தெரியாமல் வாழ முடியாது, அக்கம்பக்கத்துப் பழக்கம் இல்லாமல் போனால் அடுத்த வீட்டுப் பெரியவர் போன் செய்திருக்கவும் மாட்டார்.

வேறொரு வீட்டில் இதே நிலை வந்தால், யார் வந்து போனார்கள் என்ற தாளை யாருடைய பெயரும் வாயில் வருவதற்கு முன்பே எழுத வைப்பேன். காவல் துறையினரிடமும் அந்தத் தாளையே கொடுக்கச் சொல்வேன்.

இரண்டு திருட்டுக்கும் இதுவரை யாரும் பிடிபடவில்லை, நகைகளும் கிடைக்கவில்லை. மாடி ஜன்னல்களுக்குக் கம்பி போட்டாகிவிட்டது. காப்பீட்டுப் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.